கை நனைக்க ஓர் ஓட்டல்

பழைய ஓட்டல்களை மூடிவிட்டார்கள் என்று யாராவது உருகினால் எனக்கு எரிச்சலாக வரும். அங்கே காப்பி அப்படி இருக்கும், வராந்தாவில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது என்பார்கள். நானும் அப்படி ஓர் ஓட்டலை இழந்தவள்தான். கொச்சியில், கடலைப் பார்த்து நின்ற பழைய ஓட்டுக் கட்டடம் அது. எழுபதுகளில் ஐந்து வருடம், வருடத்துக்கு மூன்று நாள் அங்கே தங்கினோம். அதன் ஒவ்வொரு மூலையும் இன்றைக்கும் எனக்கு அத்துப்படி. ஆனால் அதை நினைத்தால் ஆசையும் கோபமும் சேர்ந்தே கிளம்புகின்றன. எது முதலில் வருகிறது என்று இந்த வயதிலும் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் பிறந்த ஊர் எருத்தேன்பதிப் பக்கம். கேரளத்தில் இருந்தாலும் பேச்சும் புழக்கமும் கோயமுத்தூர்தான். எங்களுக்கு நிலக்கடலை, சோளம், கிணற்றில் தண்ணீர் இருந்த வருடம் கொஞ்சம் கரும்பு. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் படிக்கும்போது எனக்கு இரண்டு வருடம் மூத்த மாணவர் ஒருவரைப் பிடித்துப்போனது. மூணாறுக்காரர். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவருக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததும் பாலக்காட்டு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். வேறு சாதி. அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

செய்தி தெரிந்த அன்று அப்பா சத்தம் போடவில்லையாம். குளித்துவிட்டு நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனார். நாலு பேர் பார்க்கக் கற்பூரத்தைக் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்தார். “அவொ என்ற ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது. நான் அவொ ஊட்டுல கை நனைக்க மாட்டேன்.”

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே சாப்பிடுவது. சாப்பிட்டால் அந்த வீட்டு உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, முடிவாகும் வரைக்கும் கை நனைக்காமல்தான் திரும்புவார்கள். கற்பூரம் அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் குடும்பம் விளங்காது என்பதிலும் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அப்பா சொன்னது இந்த இரண்டே வாக்கியம். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வார்த்தையை அளந்து போடுகிற மனிதர். அதை வேண்டுமென்றே விட்டாரா, கோபத்தில் மறந்தாரா என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை.

இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரிந்தது அம்மாவின் கடிதத்தில். அம்மா இரண்டாவது வரைக்கும் படித்தவள். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, ஒரு இன்லண்டில் எறும்பு எறும்பாக எழுதி அனுப்பியிருந்தாள். அப்பா கடலை விற்கக் கொச்சிக்குப் போகும்போது தங்குகிற ஓட்டல் சமுத்திரக் கரையில் இருக்கிறது, சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார், நீ வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் நான் சமுத்திரத்தையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் என் மாமியார் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தாள்.

அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எழுதியிருக்க வழியில்லை. இன்லண்ட் வாங்கி வர வேண்டியவரே அவர்தான். அப்படியானால் அவரும் வரச் சொல்கிறார். ஆனால் வரச் சொன்னதாக இருக்கக் கூடாது. தற்செயலாகப் போன இடத்தில் தற்செயலாக நாங்களும் வந்ததாக இருக்க வேண்டும். ஓட்டல் யாருடைய வீடும் இல்லையே. காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் யார் யாரிடம் கை நனைத்ததாக ஆகும்? எங்கள் அப்பாவின் மூளை அப்படி வேலை செய்தது.

அந்த ஓட்டலை நடத்தியவர் பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருக்காரர். அறுபதைத் தொட்டவர். மேலே ஒரு துண்டு மட்டும் போட்டுக்கொண்டு வாசலில் சாய்வு நாற்காலியில் இருப்பார். முதல் வருடம் நாங்கள் எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வந்து இறங்கி, பெட்டியோடு மணலில் நடந்து போய் நின்றபோது, எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாங்கோ, வாங்கோ. மூணாறாக்கும்? மாடியில ஆறாம் நம்பர் ஒழிச்சு வெச்சிருக்கேன். அடுத்த ரூம்ல எருத்தேன்பதிக்காரா ரெண்டு பேர் வந்திருக்கா. நல்ல மனுஷா. பரிச்சயம் பண்ணிக்கோங்கோ” என்றார்.

எல்லாம் தெரிந்துகொண்டே பேசுகிறார் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. இடம் வேண்டும் என்று நாங்கள் எழுதியிருக்கவே இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் மார்பிள் பலகை போட்ட மேஜைகள். கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி இரண்டு மேஜைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் நானும் என் கணவரும். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா எதிரே, எனக்கு முகம் தெரிகிற மாதிரி. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இளைத்துப் போயிருக்கிறேனா என்று கழுத்தெலும்பிலிருந்து மணிக்கட்டு வரை கணக்கெடுத்தாள். சாப்பாடு பாதியில் இருக்கும்போது அப்பாவின் முதுகு பேசியது.

“அந்தப் புள்ளைக்கு மோரு வேணுமான்னு கேளு.”

“மோரு வேணுமா கண்ணு?” என்றாள் அம்மா.

அப்பா சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. நான் சொல்வது அவருக்கும் கேட்கும். இருந்தாலும் நான், “வேணும்னு சொல்லுங்கம்மா” என்றேன். அம்மா திரும்பி, “வேணுமாமுங்க” என்றாள். அப்பா சப்ளையரைக் கூப்பிட்டு, “அந்த மேசைக்கு மோரு” என்றார். ஒரு டம்ளர் மோர் வருவதற்குள் நாலு பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஐந்து வருடமும் அப்படியே மோர் வரும் என்று அப்போது தெரியாது.

இதில் எனக்கு வயிறு எரிந்தது எங்கே என்றால், அப்பா என் கணவரோடு பேசுவார். சாயங்காலம் மாடி வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

“ஏனுங்க, உங்க பக்கம் மழை எப்புடிங்க?” என்று அப்பா ஆரம்பிப்பார்.

“பேய் மழைல்லா சார். ஆனி, ஆடி ரெண்டு மாசமும் கொட்டித் தீத்துரும்.”

“கொடுத்து வெச்சவங்க. எங்களுக்கு ரெண்டு ஒழவு மழைக்கே வானத்தைப் பாத்துட்டுக் கெடக்கோணும்.”

அப்புறம் உரம், தேயிலைக்கு அடிக்கிற மருந்து, எங்கள் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் என்று இருட்டும் வரை போகும். மருமகன் என்று ஒப்புக்கொள்ளாத ஆளை வாய் நிறைய ‘ங்க’ போட்டுப் பேசினார். இவரும் மாமா என்று கூப்பிட முடியாமல் ‘சார்’ போட்டுச் சமாளித்தார். ஓட்டலில் சந்தித்த அந்நியர்கள் பேசிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. பெற்ற மகளை எப்படி அந்நியமாக்குவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அதனால் என்னோடு மட்டும் பேச்சில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பேர் தலையிலும் கூஜாத் தண்ணீரைக் கொட்டலாமா என்றிருக்கும்.

ஆனாலும் அந்த ஓட்டல் எனக்குப் பிடித்துப்போனது. பிடிக்காது என்று சொன்னால் பொய். மாடித் தரை முழுக்கத் தேக்குப் பலகை. ஒருவர் நடந்தால் மூன்று அறைக்குக் கேட்கும். ஜன்னல் கதவுகள் பச்சைப் பெயிண்ட் அடித்த பலகைக் கதவுகள். உப்புக் காற்றில் ஊறி எதுவும் சரியாகச் சாத்தாது. அப்பளம் பொரித்த பத்து நிமிடத்தில் நமுத்துப் போகும், அதைத் தின்பதற்கும் ஒரு ருசி இருந்தது. கடலில் கால் நனைத்துவிட்டு வந்தால், வாசலில் இருக்கிற கல்தொட்டியில் மணலைக் கழுவாமல் முதலாளி உள்ளே விட மாட்டார். சனிக்கிழமை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வராந்தாவில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நான் அவள் மடியில் படுத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் கல்யாணமான மகளுக்கு வாய்க்கிற சாதாரண சுகம் அது. எனக்கு வருடத்தில் ஒரு மத்தியானம்.

அம்மா கடலை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அலை காலைத் தொட்டதும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நாலடி போனாள். அப்புறம் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இத்தனை தண்ணி கெடந்து ஒரு பாத்தி பாச்ச முடியாதே” என்றாள். எழுபதடி ஆழக் கிணற்றில் தண்ணீர் வற்றி, தோட்டம் காய்ந்துகொண்டிருந்த வருடம் அது. அவளுக்குக் கடலின் மேல் கோபமே வந்துவிட்டது.

இரண்டாம் வருடத்திலிருந்து கடிதமும் தேவைப்படவில்லை. சித்திரை கடைசி வெள்ளி என்றால் நாங்கள் நாலு பேரும் அங்கே இருப்போம். ஆறாம் நம்பர் எங்களுக்கு, ஏழாம் நம்பர் அவர்களுக்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை. ஞாயிறு மத்தியானம் எர்ணாகுளத்தில் போட்டை விட்டு இறங்கியதும் அவர்கள் ரயிலுக்கு, நாங்கள் பஸ்ஸுக்கு.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அப்பாவின் சத்தியம் சேதப்படவில்லை. என் கணவரின் வீம்பும் சேதப்படவில்லை. “எங்கப்பன் ஆத்தாளை வந்து பாக்காத மனுசன் வாசல்ல நான் போயி நிக்க முடியாது. கொச்சின்னா வாரேன்” என்பார். எனக்குத்தான் வசதியாக இல்லை.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் எனக்குக் கரு கலைந்தது. மறு வருடம் மார்கழியில் இன்னொன்று, அது நாலு மாதம். மலைமேல் மழையும் பனியுமாக, தொழிலாளர் லைன் வீடுகளைத் தாண்டி இருக்கிற எங்கள் குவார்ட்டர்ஸில் நான் பத்து நாள் படுத்துக் கிடந்தேன். மாமியார் நல்லவள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், துணி அலசிப் போட்டாள். ஆனால் எனக்கு என் அம்மா வேண்டும். அதை எழுத்தில் போட்டு அனுப்பினால் அப்பாதான் முதலில் படிப்பார். எழுதி, கிழித்துப் போட்டேன். அம்மாவுக்கு ஒவ்வொரு செய்தியும் அடுத்து வந்த சித்திரையில்தான் தெரிந்தது, அந்த வராந்தாவில், கடல் காற்றில். இரண்டாம் தடவை அவள் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் வர வேண்டிய கை அது. வலிக்கிறபோது வராமல், எல்லாம் ஆறிய பிறகு, ஓட்டல் திறந்திருக்கிறது என்று வருகிறதே என்று உள்ளுக்குள் கொதித்தது.

ஐந்தாம் வருடம் நாங்கள் கிளம்பும்போது முதலாளி, “கால் முட்டு ரெண்டும் போயாச்சு. பசங்களுக்கு இதில இஷ்டமில்லை. பாக்கலாம், பகவான் விட்ட வழி” என்றார். பெரியவர்கள் எல்லோரும் பேசுவதுதானே என்று நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஐப்பசியில் மூன்றாம் முறையாகத் தரித்தது. இந்தத் தடவை நான்கு மாதம் தாண்டியது, ஐந்து தாண்டியது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, நல்லபடியாக இருக்கிறது, ஆனால் கூட ஒரு பெரிய பொம்பளை ஆள் இருக்கட்டும் என்று சொன்னார். மாமியாருக்கு அதற்குள் கண்ணில் பூ விழுந்து, பாதிப் பார்வை போயிருந்தது. இம்முறை நான் எழுதினேன், அப்பா படித்தால் படிக்கட்டும் என்று. சித்திரையில் எனக்கு ஏழாம் மாதம் என்று மட்டும் எழுதினேன். அம்மாவின் பதில் ஒரே வரியில் வந்தது. கட்டுச்சோறு கொண்டு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குக் கட்டுச்சோறு என்று ஒன்று உண்டு. பெண்ணின் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு மருமகன் வீட்டுக்குப் போவார்கள். அங்கே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு பெண்ணைக் கையோடு தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். பிள்ளை அங்கேதான் பிறக்கும். எங்கள் விஷயத்தில் இந்த முனையும் அடைப்பு, அந்த முனையும் அடைப்பு. மருமகன் வீட்டில் கை நனைக்க முடியாது. பெண்ணை வீட்டுப் படி ஏற்ற முடியாது. நடுவில் சோறு மட்டும்தான் பாக்கி. அதையாவது முறையாக ஓட்டலில் போட்டுவிடலாம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். கட்டுச்சோறு முடிந்தால் அப்பாவின் மனசு இளகி ஏதாவது வழி பிறக்கும் என்று நானும் நினைத்தேன்.

ஏழு மாத வயிற்றோடு மலை இறங்கினேன். வளைவுக்கு வளைவு பஸ் குலுங்கும்போது என் கணவர் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு, “ஒங்கப்பாவுக்கு ஒரு ஓட்டலு, அதுக்கு நாம உசிரைக் கையில புடிச்சிட்டுப் போறோம்” என்று முனகிக்கொண்டே வந்தார். எர்ணாகுளத்தில் போட் ஏறி, கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மணி.

கட்டடத்தைக் காணோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கேயேதான் இருந்தது. மாடி வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். பச்சைக் கதவுகள் இல்லை. அவை இருந்த இடங்களில் ஏர்கண்டிஷன் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் சொட்டின. கல்தொட்டி இருந்த இடத்தில் சிமெண்டுப் பூச்சட்டிகள். டூரிஸ்ட் ஹோம், பார் என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பெரிய போர்டு. வெளியே, காம்பவுண்டுச் சுவரின் ஒரு முழ நிழலில் என் அம்மாவும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவைச் சுற்றி ஐந்து தூக்குப்போசிகள், வாழையிலைக் கட்டு, ஒரு துணிப்பை.

அப்பா என் கணவரிடம் சொன்னார். “பழைய மொதலாளி வித்துட்டாராமுங்க. தையிலயே. ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்.”

யாருக்குப் போடுவது? ஐந்து வருடத்தில் அப்பா அங்கே விலாசம் கொடுத்ததில்லை, நாங்களும் கொடுத்ததில்லை. தற்செயலாக வருகிறவர்களுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

என் கணவர் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். குளிர் முகத்தில் அடித்தது. எங்கள் சாப்பாட்டுக் கூடத்தை இருட்டாக்கி, சிவப்பு விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மத்தியானத்திலும் உள்ளேயிருந்து சாராய வாடை. மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். அறை இருக்கிறது என்றார். வாசலில் இருக்கும் போசிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “பொறத்துநின்னு ஃபுட் அகத்து கொண்டுபோகான் பற்றில்ல. இவிடத்தெ ரூலாணு” என்றார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்களாம். வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கு, அரை மணி நேரம்தான் என்று இவர் மலையாளத்தில் எவ்வளவோ சொன்னார். அவர் என் வயிற்றைப் பார்த்து, பாவம்தான், ஆனால் ரூல் என்று திரும்பவும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் நடத்துவது ஓட்டல். நாங்கள்தான் அதை வேறு எதுவாகவோ வைத்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்தோம். அம்மா போசி மூடியைத் திறந்து தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்தாள். கோழி கூப்பிடும் நேரத்தில் எழுந்து ஆக்கியது. ஒலவக்கோட்டில் ரயிலேறி, எர்ணாகுளத்தில் இறங்கி, போட்டில் வந்து, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. “சித்த நேரம் போனாப் புளிச்சிரும்” என்றாள் யாரையும் பார்க்காமல்.

அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார். “செரி, எடுத்துக்க. திரும்பிப் போலாம். வேற எடம் விசாரிச்சு வெச்சு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

ஐந்து வருடமாக அம்மா வழியாகவும் சப்ளையர் வழியாகவும் பேசிக்கொண்டிருந்தவள், நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“அடுத்த வருசம் என்னத்தைங்கப்பா பாப்பீங்க? புள்ளை ஆடி மாசம் பொறந்துரும். உங்களுக்கு எடம் கெடைக்கிற வரைக்கும் அது வயித்துலயே இருக்கோணுமா? ரெண்டு போச்சு. ரெண்டும் சித்திரைக்குக் காத்திருக்கல.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நான் கற்பூரம் அணைச்சவன்” என்றார். அவ்வளவுதான். அவர் குரல் உடைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உங்கள் குரல் உடைந்து எனக்கு என்ன ஆகப் போகிறது என்றுதான் இருந்தது.

அம்மா எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் போசிகளைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினாள். கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் இலைகளை விரித்தாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. காற்றில் மணல் பறந்து எல்லாவற்றிலும் விழுந்தது. என்னைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் பச்சை வளையல் ஏற்றி, முதல் கவளத்தை ஊட்டினாள். நறநறவென்று இருந்தது. நான் அழுதுகொண்டே மென்றேன். என் கணவர் தன் இலையில் குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்பா சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்தார். அம்மா ஓர் இலையில் ஐந்து வகையையும் வைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

அன்றைக்கு அங்கே தங்குவதாக இல்லை. காலிப் போசிகளோடு போட்டேறி எர்ணாகுளம் வந்தோம். வழக்கமாக ஜெட்டியிலேயே பிரிந்துவிடுவோம். அன்று அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். அதனால் அப்பாவும் வந்தார். மூணாறு பஸ் நின்றிருந்தது. என் கணவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். அம்மாவும் ஏறினாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியனுப்ப ஏறியிருக்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கண்டக்டர் விசில் கொடுத்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே அப்பா, “எறங்கு. நம்ம ரயிலுக்கு நேரமாவுது” என்றார்.

“நீங்க போங்க. நான் புள்ளைகூடப் போறேனுங்க.”

“எங்க?”

“மூணாறுக்குத்தானுங்க. வேற எங்க.”

“சத்தியம் பண்ணியிருக்கறது தெரியுமில்ல?”

“நீங்க பண்ணுனீங்க” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. “நான் கற்பூரத்தைத் தொடவே இல்லீங்களே. நான் எங்க வேணாலும் கை நனைப்பேன். செவலை மாட்டுக்குக் கழனித்தண்ணி வெக்க மறந்துறாதீங்க. சோறு பக்கத்து ஊட்டுல வாங்கிக்குங்க.”

அளந்து பேசுகிற அப்பாவுக்கு அந்த அளவில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் நகரும்போது கூடவே நாலடி நடந்து, பின் ஸீட் ஜன்னலில் இருந்த என் கணவரிடம், “ஏனுங்க, அங்க நெம்பக் குளிருங்களா?” என்று கேட்டார்.

“கம்பளி இருக்கு மாமா” என்றார் இவர். அந்த வார்த்தையை அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அப்பா அதற்குள் பின்னால் போய்விட்டார், கேட்டதா என்று தெரியாது.

அம்மா பிறகு நாலு மாதம் எங்களோடு இருந்தாள். ஆடியில் மகள் பிறந்தாள். அப்பா மூணாறுக்கு ஒருநாளும் வரவில்லை. அதெல்லாம் நடந்து முடிந்த விஷயம். என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது அந்தப் பஸ்ஸில் நடந்ததுதான். கோதமங்கலம் தாண்டும் வரைக்கும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன். நேரியமங்கலம் பாலத்தில் பஸ் ஏறும்போது திடீரென்று கணக்குப் புரிந்தது. அவள் சத்தியம் செய்யவில்லை. முதல் வருடமும் செய்யவில்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியிலும், மூன்றாம் வருடம் மார்கழியிலும் செய்யவில்லை.

“ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? அந்த ரெண்டு தடவையும் நான் தனியாக் கெடந்தேனே” என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

“அப்ப அந்த ஓட்டலு இருந்துச்சில்ல கண்ணு” என்றாள். “எப்படியும் சித்திரைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

அடிமாலி வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.